படகுத் தேக்கின் நரைப்பும் அதற்குரிய பராமரிப்பும்

பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளமும் இடுக்கி மாவட்டத்துத் தேக்கடியும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியவை. இரண்டிடத்தும் காடும் நீர்த்தேக்கமும் சேர்ந்தே உள்ளன. பெரியாற்று அணை 1895ஆம் ஆண்டில் உருவாக்கிய ஏரி தேக்கடியில் இருக்கிறது. பரம்பிக்குளத்திலோ, அடிமரச் சுற்றளவு 6 மீட்டருக்கும் மிகுந்த கன்னிமரத் தேக்கு இன்றும் நிற்கின்றது. அக்காட்டுத் தேக்கைச் சாலக்குடிக்கு இறக்குவதற்கென்றே கொச்சி சமஸ்தானத்தின் வன டிராம்வே 1907 முதல் 1963 வரை இயங்கியது. இப்போது இவ்விரு காடுகளும் புலிகள் காப்பகங்கள். பெரியாறு 1978இலும் பரம்பிக்குளம் 2010இலும் அவ்வாறு அறிவிக்கப்பட்டன. ஆகவே பழைய படகொன்றின் முதிர்ந்த காட்டுத்தேக்குப் பலகை தேய்ந்துபோனால், அதற்கு ஈடான பலகை எளிதில் கிடைப்பதன்று. நரைத்த தேக்கைப் புதுப்பிப்போர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுவே.

தேக்கு நீரைத் தாங்குவதற்குக் காரணம் அதன் வைரப்பகுதியில் உள்ள எண்ணெய்ப் பொருள்களும் ரப்பரை ஒத்த ஒரு பொருளும் ஆகும். டெக்டோகுவினோன் என்னும் இரசாயனப் பொருள் கறையானை விலக்குகிறது. ஆயினும் வெயிலை வெல்லும் ஆற்றல் தேக்குக்கும் இல்லை. மரநார்களைப் பிணைத்து நிற்கும் லிக்னினைப் புறஊதாக் கதிர்கள் சிதைக்கின்றன. சிதைந்த பொருளை மழை கழுவிச் செல்கின்றது. எஞ்சிய செல்லுலோஸ் நார்கள் வெளிறுகின்றன. அவற்றின்மீது பூஞ்சை படிந்ததும் பலகை சாம்பல் நிறம் பெறுகின்றது. இம்மாற்றம் மேற்பரப்பில் மிக மெல்லிய ஏட்டளவே; அதன் கீழே மரம் பழைய பொன்னிறத்துடன் பழுதின்றி இருக்கும். நரைப்பு வேறு, உளுத்தல் வேறு. இவ்வேறுபாட்டை அறியாது நல்ல பலகையைக் கழித்துவிடுவோரும் உளர்.

நரைப்பைவிடப் பெருங்கேடு விளைப்பது முரட்டுத்தனமான சுத்தம். ஆண்டுவளையத்தில் முதலில் தோன்றும் பகுதி மென்மையானது. பின்னர்த் தோன்றுவது கடினமானது. நார்ப்போக்கிலேயே வன்தூரிகை கொண்டு தேய்த்தால் மென்பகுதி அரிக்கப்பட்டு, கடினப்பகுதி வரப்புகளாக எழும். அவ்வரப்புகளைச் சமப்படுத்த மறுபடியும் இழைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பலகை மெலியும். பிறகு திருகாணிகளின் தலை வெளிப்படும். மூட்டுகளில் நீர் புகும். காஸ்டிக் சோடா போன்ற கடுங்காரங்களும் மென்பகுதியையே முதலில் தின்கின்றன. இரும்புக்கம்பித் தூரிகையை அறவே தவிர்க்க வேண்டும்; அதன் துணுக்குகள் மரத்தில் தங்கித் துருக்கறையை உண்டாக்கும்.

மென்மையான தூரிகையும் சவுக்காரக் கரைசலும் கொண்டு, நார்ப்போக்குக்குக் குறுக்காகத் தேய்த்து நல்ல நீரால் அலசுவதே போதுமானது. போகாத கருங்கறைக்கு ஆக்ஸாலிக் அமிலத்தின் மென்கரைசலைப் பூசிச் சிறிது நேரம் கழித்து நன்கு கழுவலாம். அது நச்சுப்பொருள், கையுறையும் கண்காப்பும் இன்றித் தொடலாகாது. இவ்வேலையைப் படகைக் கரையேற்றி, கழுவுநீர் ஏரியில் சேராத இடத்தில் செய்தல் வேண்டும். அந்நீரைக் காட்டு விலங்குகளும் அருந்துகின்றன அன்றோ?

பலகை உலர்ந்த பின்னரே பூச்சைப் பற்றி எண்ண வேண்டும். ஈரப்பதம் 15 சதவீதத்துக்கு மேற்பட்டால் வார்னிஷ் கொப்புளித்து எழும். ஈரமானி இல்லாதவர் பாலிதீன் தாள் ஒன்றைப் பலகைமீது ஓரங்கள் ஒட்டுமாறு இரவில் பதித்துவைத்து, காலையில் அதன் உட்புறம் நீர்த்துளி உள்ளதா என்று பார்க்கலாம். இம்மலைகளில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்வதால், சனவரி முதல் மார்ச்சு வரையே ஏற்ற காலம். பாலக்காட்டுக் கணவாயை அடுத்த பகுதிகளில் அப்போது வறண்ட காற்று வீசிப் புழுதியை ஈரப்பூச்சின்மேல் சேர்க்கும். மறைப்புக் கட்டிக்கொள்வது நலம்.

எண்ணெய், வார்னிஷ் என்னும் இரண்டில் எது சிறந்தது என்பது பழைய வழக்கு. ஆளிவிதை எண்ணெய் பூசுவது எளிது. ஆனால் அது கறுக்கும், பூஞ்சைக்கும் உணவாகும், விரைவில் மீண்டும் பூச வேண்டியும் வரும். மிதிபடும் தளத்தைப் பூச்சின்றி நரைக்க விடுவதே அறிவுடைமை. ஈரத்திலும் கால் வழுக்காது. கைப்பிடிகளுக்கும் கதவுச் சட்டங்களுக்கும் புறஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ் ஏற்றது. தேக்கின் இயற்கை எண்ணெய் வார்னிஷ் உலர்வதைத் தடை செய்யும். ஆகையால் 80, பின்னர் 120 எண் உப்புத்தாளால் நார்ப்போக்கில் தேய்த்து, அசிட்டோன் தோய்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் மீண்டும் கசியுமுன் முதற்பூச்சைக் கொடுத்துவிட வேண்டும். அப்பூச்சைச் சரிபாதி டர்பன்டைன் கலந்து நீர்க்கச் செய்தால் துளைகளுள் ஊடுருவும். அடுத்தவை படிப்படியாகத் தடித்து ஆறு பூச்சுகளேனும் அமைதல் வேண்டும். இடையிடையே நுண்தாளால் இலேசாகத் தேய்க்க வேண்டும். நீரை மிகுதியாக உறிஞ்சுவது பலகையின் வெட்டுமுகமே. அதற்கு இரண்டு பூச்சுகள் கூடுதலாகத் தேவை. தேக்குத்தூள் தோலையும் மூச்சுக்குழலையும் உறுத்துமாதலால் முகமூடி அணிவது அவசியம்.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிவது பேராபத்து. எண்ணெய் பிராணவாயுவுடன் சேர்ந்து உலரும்போது வெளிப்படும் வெப்பம் குவியலினுள் தங்கி, தானாகவே தீப்பற்றக்கூடும். அத்துணிகளை நீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும். இல்லையேல் திறந்தவெளியில் ஒவ்வொன்றாக விரித்து உலர்த்த வேண்டும்.