ஓசூரில் எழுந்த கெனில்வொர்த்

தருமபுரி மாவட்டம் 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தபோது அதனுள் அடங்கி, 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்துவிட்ட ஓசூரில், 19-ஆம் நூற்றாண்டில் சேலம் கலெக்டராயிருந்த பிரெட் என்பவர் கட்டிய மாளிகை, இங்கிலாந்தின் வாரிக்‌ஷயர் பகுதியிலுள்ள கெனில்வொர்த் கோட்டையை மாதிரியாகக் கொண்டது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் வெயில் தணிந்து கிடக்கும் ஓசூரை அக்கால ஆங்கில அதிகாரிகள் விரும்பியதில் வியப்பில்லை. கோட்டையில்தான் குடியிருப்பேன் என்று பிரெட்டின் மணப்பெண் பிடிவாதம் பிடித்ததாக ஊரில் ஒரு கதை வழங்குகிறது; அதன் மெய்ம்மையை ஆராய்வதினும், போர் ஒழிந்த காலத்தில் ஒரு குடும்பத்துக்குக் கோட்டைமீது ஏன் அத்தனை மோகம் பிறந்தது என்று வினவுவதே பயனுடையது.

மூலக் கெனில்வொர்த், 12-ஆம் நூற்றாண்டில் நார்மானியர் தொடங்கிய செம்மணற்கல் அரண். 1575-இல் லெஸ்டர் பிரபு ராபர்ட் டட்லி முதலாம் எலிசபெத் அரசிக்குப் பெருவிருந்து அளித்த இடம். 17-ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போருக்குப்பின் நாடாளுமன்றத் தரப்பினரால் தகர்க்கப்பட்டுப் பாழானது. வால்டர் ஸ்காட் 1821-இல் அதன் பெயரிலேயே நாவல் எழுதிய பின்னர், படித்த ஆங்கிலக் குடும்பங்களின் கற்பனையில் அந்த இடிபாடு மீண்டும் எழுந்து நின்றது.

இந்த ஏக்கத்துக்கு வடிவம் கொடுத்தது கோதிக் மறுமலர்ச்சிப் பாணி, அதாவது இடைக்கால ஐரோப்பியத் தேவாலயங்களின் கூர்முனை வளைவுகளையும் கோபுரங்களையும் புதிய கட்டடங்களுக்கு மீட்டெடுத்த முறை. அதனோடு கோட்டைப் பாணியும் கலந்தபோது, மதிலுச்சியில் வில்லாளிகள் மறைந்து நிற்பதற்கென இடைவெளி விட்டுக் கட்டிய ஞாயில்கள் வெறும் அலங்காரமாயின. சுற்றிலும் தாழ்வாரமும் உயர்ந்த கூரையும் தனியே ஒதுங்கிய சமையற்கட்டும் கொண்ட பங்களாவே இந்நாட்டு வெயிலுக்கும் மழைக்கும் ஏற்றது என்பதை அதிகாரிகள் முன்பே கண்டிருந்தனர். நம் மாவட்டங்களின் பழைய பயணியர் மாளிகைகள் பல அவ்வடிவினவே. கோட்டை வடிவ வீடு அந்த அனுபவத்தைப் பொருட்படுத்தாமல், ஆளும் இனத்தின் பெருமிதத்தையும் பிறந்த நாட்டு நினைவையும் முன்னிறுத்தியது எனலாம்.

பிரெட் மாளிகை இன்று சிதைந்துவிட்டது; பாழாக்கப்பட்டும் பிழைத்த வாரிக்‌ஷயர் மூலமோ, ‘இங்கிலிஷ் ஹெரிட்டேஜ்’ அமைப்பின் பராமரிப்பில் சுற்றுலாத் தலமாக விளங்குகிறது.