பற்கறையும் அதனைப் போக்கும் வழிகளும்

நம் புலவர்கள் பல்லுக்கு முத்தையும் முல்லையரும்பையும் உவமை கூறினர். அவ்வுவமையில் ஊறிய நமக்குப் பல்லென்றால் பால்போல் வெளுத்திருத்தல் வேண்டுமென்னும் எண்ணம் இயல்பாகவே உண்டாகின்றது. இக்காலத்து விளம்பரப் படங்களோ அவ்வெண்ணத்தைப் பேராசையாக வளர்த்துவிடுகின்றன. இதனால் பல் சிறிது நிறம் மாறியிருப்பவர் வாய்விட்டு நகைக்க நாணுகின்றனர். பிறரோ அவரைப் பல் துலக்காதவரென்று எளிதில் இகழ்ந்துவிடுகின்றனர். நாணுவோருட் சிலர் கண்ட பொடிகளையெல்லாம் தேய்த்து உள்ள பல்லையும் கெடுத்துக்கொள்கின்றனர். பற்கறை எவ்வாறு உண்டாகின்றது, எக்கறைக்கு எம்முறை ஏற்றது என்பவற்றை அறிந்தால் இவ்விரு தீங்கும் ஒழியும். ஆதலின் அவற்றைச் சுருக்கமாக ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் பல்லின் அமைப்பை அறிதல் வேண்டும். பல்லின் மேற்புறத்தைப் போர்த்து நிற்பது எனாமல் என்னும் மேற்பூச்சு. மனித உடலில் இதனினும் கடினமான பொருள் வேறில்லை. இஃது ஓரளவு ஒளியை ஊடுருவ விடும் இயல்புடையது. இதற்கு உள்ளே இருப்பது டென்டீன் என்னும் பொருள். அதன் நிறம் இளமஞ்சள். உள்ளிருக்கும் மஞ்சள் மேற்பூச்சின் வழியே புலப்படுவதால், நோயற்ற பல்லும் தூய வெண்மையாய் இராது. ஆண்டுகள் செல்லச் செல்ல எனாமல் தேய்ந்து மெலிகின்றது, டென்டீன் தடிக்கின்றது, ஆகவே முதியோர் பல் மேலும் மஞ்சளாகின்றது. இது நரை போன்ற இயற்கை மாறுதலேயன்றி அழுக்கன்று. மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. எனாமலை ஆக்கும் உயிரணுக்கள், பல் முளைக்கும்பொழுதே தம் தொழிலை முடித்து மறைந்துவிடுகின்றன. எனவே, நகமும் தோலும் வளர்வதுபோல் எனாமல் மீண்டும் வளர்வதில்லை, தேய்ந்தது தேய்ந்ததே.

பற்கறை, புறக்கறை என்றும் அகக்கறை என்றும் இருவகைப்படும். வெற்றிலை பாக்கு, புகையிலை, தேநீர், காப்பி ஆகியவற்றின் நிறப்பொருள் பல்லின்மேற் படிவது புறக்கறையாம். குளோர்ஹெக்ஸிடின் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்தை நெடுநாள் வழங்கினும் இத்தகைய பழுப்பு உண்டாகும். இக்கறைக்கு வெளுப்பு மருந்து தேவையில்லை. நாள்தோறும் இருமுறை மெல்லிய தூரிகையாலும் பற்பசையாலும் துலக்குதலும், படிந்து இறுகிய காரையைப் பல் வைத்தியரிடம் எடுத்துக்கொள்ளுதலுமே போதும். ஆனால் காரணமாகிய பழக்கத்தை விடாதவரைக் கறையும் விடாது. பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுக்குக் காரணமாவன ஆதலின், அவற்றை விடுதற்குப் பல்லின் நிறம் மிகச் சிறிய காரணமே.

செங்கற்பொடி, மணல், உமிக்கரி முதலியவற்றால் தேய்க்கும் வழக்கம் நம் ஊர்களில் நெடுநாளாக உண்டு. இவை கறையை நீக்குவது உண்மையே. ஆயினும் கறையோடு எனாமலையும் அராவிவிடுகின்றன. உமிக்கரியில் மணலின் பொருளாகிய சிலிக்கா மிகுதியாக உண்டு. எனாமல் மெலிய மெலிய உள்ளிருக்கும் மஞ்சள் முன்னினும் தெளிவாகத் தோன்றும். வெண்மை நாடித் தேய்த்தவர் மஞ்சளையே தேடிக்கொண்டவராவர். எலுமிச்சஞ்சாற்றைத் தேய்த்தலோ இதனினும் கேடானது. அதன் புளிப்பு எனாமலைக் கரைத்துவிடும்.

இனி அகக்கறையை நோக்குவோம். முதுமையால் வந்த மஞ்சளுக்கு ஹைட்ரஜன் பெராக்ஸைடு நல்ல பயன் தருகின்றது. அது எனாமலின் நுண்ணிய வழிகளினூடே உட்புகுந்து, நிறப்பொருளின் அணுக்கூட்டுகளைச் சிதைத்து நிறமற்றவையாக்குகின்றது. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பல் வைத்தியர் ஒருவர், ஈற்றுப் புண் ஆறுதற்பொருட்டுக் கார்பமைடு பெராக்ஸைடு கலந்த மருந்தை இரவில் வாயில் வைத்துக்கொள்ளச் செய்தபொழுது, பல்லும் வெளுத்திருக்கக் கண்டார். 1989ல் ஹேவுட், ஹேமன் என்னும் இருவர் இம்முறையை ஆராய்ந்து வெளியிட்டனர். பல்வரிசைக்கேற்ப வார்த்த மெல்லிய உறையில், 100க்கு 10 பங்கு கார்பமைடு பெராக்ஸைடு கொண்ட மருந்தையிட்டு, இரவுதோறும் சில வாரங்கள் அணிதலே அம்முறை. இதனால் சிலர்க்குப் பற்கூச்சமும் ஈற்றெரிச்சலும் உண்டாகும். நிறுத்தினால் பெரும்பாலும் நீங்கும். பல்லில் அடைத்த பொருளும் செயற்கைப் பல்லும் இதனால் வெளுப்பதில்லை. பெற்ற வெண்மையும் நாளடைவிற் குறையும். ஐரோப்பிய ஒன்றியம், 100க்கு 6 பங்குக்கு மேல் ஹைட்ரஜன் பெராக்ஸைடு கொண்ட வெளுப்புப் பொருள்களை விற்றலாகாதென்றும், 18 வயது நிரம்பாதவர்க்கு இம்முறையை வழங்கலாகாதென்றும் 2011ல் விதித்தது. வைத்தியர் பார்வையின்றி இதனைக் கையாளுதல் நன்றன்று என்பது இதனால் விளங்கும்.

ஒரு பல் மட்டும் கறுத்திருப்பின், அடிபட்டு அதன் நரம்பு இறந்திருத்தல் கூடும். அதற்கு முதலில் வேர்ச் சிகிச்சை செய்து, பின்னர்ப் பல்லின் உள்ளிடத்தில் வெளுப்பு மருந்தை வைத்து மூடுவர். வெளியே எத்துணை தேய்ப்பினும் பயனில்லை. பல் உருவாகும் பருவத்தில் டெட்ராசைக்ளின் என்னும் மருந்து கொடுக்கப்பட்டவர்க்கு, அம்மருந்து சுண்ணத்தோடு கூடிப் பல்லிலே தங்கி, சாம்பல் அல்லது பழுப்புப் பட்டைகளாகத் தோன்றும். இவை வெளுக்க மாதக்கணக்கான முயற்சி வேண்டும். அப்பொழுதும் முற்றும் மறைதல் அரிது. ஆகையால் கருவுற்ற மகளிர்க்கும் 8 வயதுக்குட்பட்ட சிறார்க்கும் அம்மருந்தைக் கொடாது விலக்குதலே வைத்தியர் பொதுவாகக் கைக்கொள்ளும் நெறி.

அகக்கறைகளுள் நாம் சிறப்பாகக் கருதவேண்டியது நீரினால் வருவது. இதன் மூலம் கண்ட வரலாறு இனிமையானது. 1901ல் ஃபிரெடரிக் மக்கே என்னும் இளைஞர் அமெரிக்காவிலுள்ள கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரிற் பல் வைத்தியம் தொடங்கினார். அவ்வூரிற் பிறந்து வளர்ந்தவர் பலர் பல்லிற் பழுப்புக் கறை இருந்தது. வளர்ந்தபின் வந்து குடியேறியவர்க்கோ அஃது இல்லை. 1909ல் ஜி. வி. பிளாக் என்னும் பேரறிஞர் வந்து அவரோடு ஆராயலானார். பற்கள் உருவாகுங்காலத்து உண்டாகும் குறையே இஃது என அவ்விருவரும் தெளிந்தனர். காரணம் மட்டும் புலப்படவில்லை. 1923ல் ஐடஹோ மாகாணத்து ஓக்லி என்னும் சிற்றூரார் மக்கேயை அழைத்தனர். புதிய குழாய் வழியே ஊற்று நீர் வந்தபின்னரே தம் மக்களுக்குக் கறை தோன்றியதென அவர்கள் கூறினர். அந்நீரை விட்டு வேறோர் ஊற்றை நாடுமாறு மக்கே கூற, ஊராரும் அவ்வாறே செய்தனர். சில ஆண்டுகளில் இளஞ்சிறார்க்குக் கறையற்ற நிலைப்பற்கள் முளைத்தன. எட்டாண்டுகளுக்குப் பின், 1931ல், அலுமினியக் கம்பெனி ஒன்றின் இரசாயன அறிஞராகிய சர்ச்சில் என்பவர், கறையுண்டாகும் ஊர்களின் நீரில் ஃபுளோரைடு மிகுந்திருத்தலைக் கண்டறிந்தார். ஊறுபொருளின் பெயர் தெரியாதபோதே, நீரை மாற்றியதனால் ஓர் ஊர்ச் சிறார் காக்கப்பட்டனர் என்பது கருதத்தக்கது.

இக்கதை நமக்கு அயலானதன்று. 1937ல் அக்காலத்துச் சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில், ஃபுளோரைடு மிகுந்த நீரினால் பல்லோடு எலும்பும் கேடுற்றது கண்டு எழுதப்பட்டது. தமிழ்நாட்டிலே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறை நிலத்து நீரில் இப்பொருள் பல இடங்களில் மிகுதி. 2013ல் தொடங்கப்பெற்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், காவிரி நீரை அம்மாவட்டங்கட்குக் கொண்டு செல்வது இக்கேட்டைத் தணித்தற்பொருட்டே. ஒரு லிட்டர் நீரில் ஃபுளோரைடு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரையறை. நீரைக் காய்ச்சுவதால் ஃபுளோரைடு நீங்காது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். சிறிதளவு ஃபுளோரைடு பற்சொத்தையைத் தடுப்பதால், பற்பசையை வெறுக்கவேண்டுவதில்லை. சிறுவர் அதனை விழுங்காதபடி காத்தால் போதும்.

இக்கறை எனாமலோடு பிறந்தது. ஆதலின் துலக்கினாற் போகாது. மெல்லிய கறையாயின், வைத்தியர் அமிலமும் நுரைக்கல் தூளும் சேர்ந்த கலவையால் மேற்பரப்பை மிக நுண்ணிதாக நீக்குவர்; இது வீட்டிற் செய்யத்தக்கதன்று. பெராக்ஸைடு வெளுப்பு, பழுப்பைக் குறைத்து வெண்புள்ளிகளைச் சுற்றுநிறத்தோடு ஒருவாறு இசைவிக்கும். கறை மிகக் கடியதாயின் பற்குழம்பு பூசியோ, பீங்கானால் ஆன மெல்லிய தகட்டை ஒட்டியோ மறைப்பர். 1955ல் புவோனக்கோர் என்பவர், எனாமலை அமிலத்தால் பதப்படுத்தினால் பூச்சு நன்கு பற்றுமெனக் காட்டியபின்னரே இம்முறைகள் வளம்பெற்றன. பீங்கான் தகட்டுக்குப் பெரும்பாலும் எனாமலைச் சிறிது செதுக்க நேரும், செலவும் மிகுதி, காலத்தில் அதனை மாற்றவும் வேண்டும். இளம் வயதினர் இதற்கு விரையாதிருத்தல் நலம்.

மேற்கூறியவற்றால் பெறப்படுவது ஒன்றே. கறையின் மூலத்தை அறிந்த பின்னரே அதற்கு மருந்து தேடுதல் வேண்டும். புறக்கறைக்குத் தூய்மையும் பழக்க மாற்றமும், முதுமை மஞ்சளுக்கு வெளுப்பு மருந்தும், அடிபட்ட பல்லுக்கு உட்சிகிச்சையும், நீரால் வந்த கறைக்கு வைத்தியர் கைத்திறமும் ஏற்றன. பின்வரும் குழந்தைகளுக்கோ நல்ல குடிநீரே மருந்து. அன்றியும், பழுப்புப் பல்லுடைய தோழர் ஒருவர் நம் வகுப்பில் இருப்பின், அவர் நம்மினும் நன்றாகப் பல் துலக்குபவராகவே இருத்தல் கூடும். அவர் பல்லிற் காண்பது சோம்பலின் சுவடன்று. குழந்தைப் பருவத்தில் அவர் ஊர்க் கிணறு எழுதிவைத்த எழுத்து. அதனை அறிந்த நாம் இகழ்தலை ஒழித்து, அவ்வூர்க் கிணற்று நீரைச் சோதிக்கச் செய்வதற்கு முற்படுவோமாயின், கற்ற கல்வி பயனுடையதாகும்.