அழித்ததைத் திருப்பித் தரும் கணக்குப்பிள்ளை!

கடையநல்லூர், நெசவாளர் குடும்பங்கள் பல வாழ்ந்துவரும் ஊர். தறியில் ஊடு நூல் தப்பிவிட்டால் நெசவாளி என்ன செய்வார்? துணியைக் கிழித்து எறியமாட்டார். தப்பிய இடம்வரை பிரிப்பார். மறுபடி நெய்வார்.

கம்ப்யூட்டர் வேலையிலும் இப்படிப் பிரித்து நெய்ய வழி இருக்கிறது!

கடையநல்லூருக்குத் தெற்கே தென்காசி. அதன் அருகே மத்தளம்பாறை கிராமம். அங்கே 2011-ல் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. இத்தகைய அலுவலகங்களில் ஒரே மென்பொருளைப் பலர் சேர்ந்து எழுதுகிறார்கள். ஒருவர் எழுதிய வரியை இன்னொருவர் திருத்துவார். திருத்தியது தப்பு என்றால் பழைய வரி வேண்டுமே! எங்கே போவது?

பேரேடு

அதற்கு ஒரு பேரேடு உண்டு. பெயர் "கிட்". பின்லாந்தில் பிறந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் இதை எழுதினார். லினக்ஸ் வேலைக்கு அதுவரை இலவசமாகக் கிடைத்த வேறொரு மென்பொருள் நின்றுபோனதே காரணம்.

யார் திருத்தினார், எப்போது, எதை, ஏன்? எல்லாம் இந்தப் பேரேட்டில் இருக்கும்.

ஆனால் கிட்டுக்குக் கட்டளைகளை எழுத்தில் தட்டவேண்டும். புதியவர்கள் திணறுவார்கள். அவர்களுக்காகப் படமும் பொத்தானுமாக அமைந்ததே "கிளையன்ட்".

நல்ல கிளையன்ட் எது?

முதலாவது, பழையதையும் புதியதையும் சேர்த்துக் காட்டவேண்டும். நீக்கிய வரி சிவப்பு. சேர்த்த வரி பச்சை. சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. ஆகவே கழித்தல் குறியும் கூட்டல் குறியும் கூடவே வேண்டும்.

இரண்டாவது, ஒரே வரியை இருவர் இரண்டு விதமாகத் திருத்தினால், கிளையன்ட் தானே தீர்ப்புச் சொல்லக்கூடாது. இரண்டையும் முன்னால் வைத்து, "எது வேண்டும்?" என்று கேட்கவேண்டும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். பேரேட்டில் ஏறியதைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஏறாததை? கிட்டுக்கு அது தெரியவே தெரியாது! "திருத்தத்தைக் கைவிடு" என்ற பொத்தானைத் தவறி அழுத்தினால் ஒரு நாள் உழைப்பு நொடியில் போய்விடும். ஆகவே அந்தப் பொத்தான் தனியே விலகி நிற்கவேண்டும். அழுத்தினால் ஒருமுறை கேட்கவேண்டும். "கிட்ஹப் டெஸ்க்டாப்" என்ற கிளையன்ட் இன்னும் ஒரு படி மேல். கைவிட்டதைக் கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியில் போட்டு வைக்கிறது. வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்!

தப்பு செய்தால் திரும்ப வழி உண்டு என்று தெரிந்தால்தான் புதியவர் துணிந்து கைவைப்பார். பயந்து ஒதுங்குகிறவர் தொழில் கற்பது எப்படி?

உங்கள் வீட்டில் மென்பொருள் எழுதப் படிக்கும் பிள்ளை இருக்கிறதா? இரவு படுக்கப் போகுமுன் ஒரு வார்த்தை கேளுங்கள்: "இன்றைய வேலையைப் பேரேட்டில் ஏற்றிவிட்டாயா?"