ராத்திரியில் ஏன் ரத்தம் எடுக்கிறார்கள்?

யானைக்கால் நோய்ப் பரிசோதனைக்கு சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடி வருவது ஊர் அடங்கும் நேரத்தில்தான். விரல் நுனியில் சுருக்கென்று ஒரு குத்து, கண்ணாடித் துண்டில் சில சொட்டு ரத்தம், அவ்வளவே. பகலில் வந்தால் ஆகாதா என்று தூக்கக் கலக்கத்தில் முணுமுணுப்பவர்கள் உண்டு. பகலில் எடுத்தால் நோய்க்குக் காரணமான புழு சிக்காது.

நூல் போன்ற தாய்ப்புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் பின்னிக்கிடந்து ஆண்டுக்கணக்கில் வாழும். அவை ஈனும் மைக்ரோஃபைலேரியா என்ற நுண்புழுக்கள் பகலில் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் பதுங்கிவிடும். இரவு 10 மணி முதல் 2 மணி வரை தோலோரத்து ரத்தத்தில் திரளும். சாக்கடைத் தண்ணீரில் பெருகி இந்த நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு கடிக்க வருவதும் அதே நேரத்தில்தான்.

சீனாவின் அமாய் துறைமுகத்தில் மருத்துவராக இருந்த பேட்ரிக் மேன்சன், 1877-ல், நோய் கண்ட தன் பணியாளரைக் கொசுக்களுக்குக் கடிக்கக் கொடுத்தார். (இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் இதற்கு ஒப்பாது.) பிறகு கொசுக்களை அறுத்துப் பார்த்தால், நுண்புழுக்கள் உள்ளே வளர்ந்துகொண்டிருந்தன. ஆனால் கொசு தண்ணீரில் விழுந்து செத்து, அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கே நோய் தொற்றுகிறது என்று அவர் நினைத்துவிட்டார். அந்தப் பிழை திருந்த 1900 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கொசுக்களை லண்டனில் மெல்லிய சீவல்களாக அறுத்த ஜார்ஜ் லோ, கொசுவின் உறிஞ்சுகுழலுக்குள்ளேயே புழுவைக் கண்டார். கடிதான் வழி என்பது அப்போது தெளிவானது.

நுண்புழுக்களின் இந்த நேரக்கணக்கு எங்கிருந்து வருகிறது? 1881-ல் லண்டனில் ஸ்டீபன் மெக்கன்சி ஒரு நோயாளியைப் பகலில் தூங்கவும் இரவில் விழித்திருக்கவும் வைத்தார். சில நாட்களில் நுண்புழுக்களும் பகலில் வெளியே வரத் தொடங்கின. ஆக, புழு பார்ப்பது சூரியனை அல்ல, நம் தூக்கத்தை. ஆனால் இந்தக் கணக்கு எல்லா இடத்துக்கும் ஒன்றல்ல. பசிபிக் தீவுகள் சிலவற்றில் நோயைப் பரப்புவது பகலில் கடிக்கும் கொசு. அங்கே நுண்புழுக்கள் பகலிலும் ரத்தத்தில் நிறைந்திருக்கின்றன.

இப்போது பட்டைச் சோதனை வந்துவிட்டது. தாய்ப்புழு கசியவிடும் புரதத்தை அது கண்டுபிடிப்பதால் எந்த நேரத்து ரத்தமும் போதும். ஆனால் உடம்பில் புழு இருக்கிறதா என்பதை மட்டுமே பட்டை சொல்லும். கொசு உறிஞ்சி அடுத்தவருக்குக் கடத்தும் நுண்புழு ரத்தத்தில் ஓடுகிறதா என்று பார்க்க, அந்த ராத்திரிக் குத்து இன்னும் தேவைப்படுகிறது.