‘பிபி’ என்றால் போதுமா?

கொட்டை முதல் டம்ளர் வரை – 7

சென்ற வாரம் ஏற்காட்டிலும் தாண்டிக்குடியிலும் பழம் பறித்து, களத்தில் காயப்போட்டதோடு நிறுத்தியிருந்தோம். கொட்டை இப்போது சாக்கில் ஏறி ஊருக்குள் வந்துவிட்டது. இனி அதன் தலைவிதி காப்பித்தூள் கடைக்காரர் கையில். பாதி விதி நம் வாயிலும் இருக்கிறது. கடை வாசலில் நின்று நாம் என்ன கேட்கிறோமோ அதுதானே அரைபடப் போகிறது?

பெரும்பாலோர் கேட்பது ‘பிபி’. பீபரி என்பதன் சுருக்கம். தமிழ்நாட்டுக் காப்பிக்காரர்கள் மத்தியில் இந்த இரண்டு எழுத்துக்கு இருக்கும் மரியாதையே தனி. ‘எங்க வீட்ல எப்பவும் பிபிதான்’ என்று சொல்லும்போது குரலில் லேசாக ஒரு மிடுக்கு ஏறும். என்ன விசேஷம் என்று கேட்டால், ‘அதுதான் ஒசத்தி’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

பழத்தைப் பிதுக்கிப் பார்த்தால் விஷயம் விளங்கும். பழுத்த காப்பிப் பழத்தை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினால், வழவழவென்று இரண்டு கொட்டைகள் நழுவி வெளியே வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் வளைந்த முதுகு, மறுபக்கம் தட்டை. தட்டையின் நடுவில் நீளவாக்கில் ஒரு பிளவு. பழத்துக்குள் தட்டைப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி இருந்தவை இவை. சில பழங்களில் இரண்டில் ஒன்று வளராமல் ஆரம்பத்திலேயே நின்றுபோகும். மற்றது, முழு இடமும் தனக்கே என்று உருண்டு திரண்டுவிடும். அந்த ஒற்றைக்கொட்டைதான் பீபரி. அதற்கென்று தனிச் செடி கிடையாது, தனி ரகமும் கிடையாது. இரட்டைக்கொட்டைப் பழங்கள் தொங்கும் அதே கிளையில்தான் இதுவும் தொங்கும். பொதுவாக நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை இப்படி அமையும்.

எஸ்டேட்டிலிருந்து வரும் கொட்டையை மேல்தோல் நீக்கித் தரம் பிரிக்கும் இடத்துக்கு கியூரிங் ஒர்க்ஸ் என்று பெயர். அங்கே துளையிட்ட சல்லடைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஆடிக்கொண்டிருக்கும். 6.65 மில்லிமீட்டர் துளையில் விழாமல் மேலே நிற்பது ‘ஏ’. அதில் விழுந்து 6 மில்லிமீட்டரில் நிற்பது ‘பி’. அதற்கும் கீழே 5.5-ல் நிற்பது ‘சி’. ‘ஏ’யைவிடப் பெரியதுக்கு ‘ஏஏ’. உருண்டைக் கொட்டையைப் பிரிக்க மட்டும் நீள்வாக்கில் வெட்டிய துளைகள் கொண்ட தனிச் சல்லடை உண்டு. இத்தனை எழுத்துகளும் கொட்டையின் உருவத்துக்கு எடுத்த அளவுதான். நாக்கில் வைத்துப் பார்த்து யாரும் போட்ட மார்க் இல்லை.

நாக்குக்குச் சம்பந்தப்பட்ட சங்கதிகள் அந்த எழுத்துக்கு முன்னால் வரும் சொல்லில் இருக்கின்றன. செடி அரபிகாவா, ரொபஸ்டாவா என்பது முதல் கேள்வி. பழத்தோலை உரித்து, மேலே ஒட்டியிருக்கும் கொழகொழப்பு புளித்துக் கழன்ற பிறகு தண்ணீரில் அலசிக் காயவைத்தார்களா, பழத்தை அப்படியே வெயிலில் உலர்த்தினார்களா என்பது இரண்டாவது கேள்வி. இரண்டையும் சேர்த்தால் நம் நாட்டுச் சந்தையில் நான்கு பெயர்கள் கிடைக்கும். அலசிய அரபிகா, ‘பிளான்டேஷன்’. பழமாகவே காய்ந்த அரபிகா, ‘அரபிகா செர்ரி’. அலசிய ரொபஸ்டா, ‘ரொபஸ்டா பார்ச்மென்ட்’. பழமாகக் காய்ந்த ரொபஸ்டா, ‘ரொபஸ்டா செர்ரி’. இந்த நான்கிலும் ‘பிபி’ உண்டு! பிளான்டேஷன் பிபியும் பிபிதான், ரொபஸ்டா செர்ரி பிபியும் பிபிதான். விலையில் மட்டும் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை.

திருச்சியில் ஒரு கடையில் காதில் விழுந்த பேச்சு இது.

“பிபி கால் கிலோ குடுங்க. சிக்கரி கொஞ்சமா போடுங்க.”

“பிளான்டேஷன் பிபியாம்மா, செர்ரி பிபியா?”

“போன தடவை வாங்கினேனே, அதேதான்.”

“போன தடவை எதும்மா?”

அந்த அம்மா விலைப் பலகையை அண்ணாந்து பார்த்தார். “எது நல்லாயிருக்கும்?” என்றார். “பால் தண்ணியா ஊத்துவீங்களா, கெட்டியாவா?” என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டார். இத்தனை நாள் கேட்கப்பட்டிருக்க வேண்டிய சரியான கேள்வி அது.

அரபிகாவுக்கு மணம் அதிகம், நாக்கில் லேசான புளிப்பு, கசப்பு குறைவு. ரொபஸ்டாவுக்கு மணம் குறைவு. கசப்பும் கெட்டித்தன்மையும் அதிகம். காஃபீன் அரபிகாவில் சுமார் 1.2 சதவீதம் என்றால் ரொபஸ்டாவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதைப் படித்துவிட்டு ரொபஸ்டாவை மட்டம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். நாம் குடிப்பது பாலும் சர்க்கரையும் சேர்ந்த காப்பி. கெட்டிப்பாலில் கலந்தால் சுத்த அரபிகாவின் நுட்பமான மணம் பாதி அமுங்கிப்போகும். ‘ஸ்ட்ராங்கா ஒரு காப்பி’ என்று கேட்பவர் தேடுகிற அந்தப் பிடிப்பைத் தருவது பெரும்பாலும் ரொபஸ்டாதான். இந்தியாவில் விளையும் காப்பியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ரொபஸ்டா. குடகிலும் வயநாட்டிலும் அலசிக் காயவைக்கும் நல்ல பார்ச்மென்ட்டுக்கு வெளிநாட்டில் கிராக்கி உண்டு. வியட்நாமில் வறட்சி வந்து விளைச்சல் அடிபட்ட 2024-ல் உலகச் சந்தையில் ரொபஸ்டா விலை பல பத்தாண்டுகளில் காணாத உயரத்துக்கு ஏறியது. ஏழை வீட்டுக் காப்பி என்ற பழைய பேச்சு இப்போது விலைப் பலகையிலேயே எடுபடாது.

அப்படியானால் பிபியின் புகழ் வெறும் பேச்சா? முழுக்க அப்படியும் சொல்லிவிட முடியாது. பதில் வறுவலில் இருக்கிறது.

கடையின் பின்கட்டில் சுழலும் உருளைக்குள் பச்சைக் கொட்டையைக் கொட்டுகிறார்கள். முதலில் அதிலிருக்கும் பத்துப் பன்னிரண்டு சதவீத ஈரம் ஆவியாக வேண்டும். சாம்பல் கலந்த பச்சை, வெளிர் மஞ்சளாகிறது. அப்போது வருவது காப்பி வாசனையே இல்லை, வைக்கோல் வாசனை. மஞ்சள் பழுப்பாகும்போதுதான் தெருமுனைவரை மணம் போகிறது. சூடு 200 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது உள்ளே படபடவென்று வெடிக்கும் சத்தம். கொட்டைக்குள் திரண்ட ஆவியும் வாயுவும் அதைப் பிளந்து உப்பவைக்கின்றன. வறுப்பவர் உருளையில் செருகியிருக்கும் சின்னக் கரண்டியை உருவி, நாலு கொட்டையை வெளிச்சத்தில் பார்ப்பார், மறுபடி செருகுவார், மறுபடி உருவுவார். கடைசி ஒரு நிமிஷத்தில்தான் எல்லாம் கெடும். நிறம் சரியானதும் தட்டில் கொட்டிக் கிளறி ஆற்றுகிறார்கள். ஒரு கிலோ பச்சைக் கொட்டை போட்டால் 800, 850 கிராம்தான் திரும்பி வரும். மீதி ஆவியும் வாயுவும் சருகுத் தோலுமாகப் போய்விடும்.

தட்டைக் கொட்டை உருளையில் ஒரு பக்கமாகவே படுத்துச் சறுக்கினால் அந்தப் பக்கம் கருகும், மறுபக்கம் வெளிறும். பீபரி கோலிக்குண்டு போல உருண்டுகொண்டே இருப்பதால் நாலாபக்கமும் சூடு பரவும். வீட்டு வாணலியிலும், கையால் சுற்றும் உருளையிலும் வறுத்த காலத்தில் இது பெரிய சௌகரியம். ஆள் கொஞ்சம் அசந்தாலும் பிபி காப்பாற்றிவிடும். அந்த நாளில் எடுத்த நல்ல பெயர் இன்றுவரை ஓடுகிறது. சூட்டையும் சுழற்சியையும் அளந்து வறுக்கும் இன்றைய இயந்திரத்தில், கைதேர்ந்தவர் வறுத்த பிளான்டேஷன் ஏ, பிபிக்கு ஒன்றும் குறைந்ததில்லை. ஒரே தோட்டத்து பிபியையும் ஏயையும் தனித்தனியாகப் போட்டுக் கண்ணை மூடிக் குடித்துப் பாருங்கள். எது எது என்று அடித்துச் சொல்ல முடிந்தால் உங்கள் நாக்குக்கு ஒரு கும்பிடு.

ஆனால் அரைக்கும்போது சேர்கிற சிக்கரியின் அளவை யார் நாக்கும் கண்டுபிடித்துவிடும். சிக்கரி ஒரு செடியின் கிழங்குபோன்ற வேர்; காயவைத்து வறுத்துப் பொடிப்பது. அதில் காஃபீன் கிடையாது. வெந்நீரில் கரையக்கூடிய பொருள் காப்பியைவிட அதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு இருப்பதால், கொஞ்சம் சேர்த்தாலே டிகாக்ஷன் கறுத்துக் கெட்டியாகும். கூடவே ஒரு கருகல் இனிப்பு. பத்து, இருபது சதவீதத்தில் அது காப்பிக்குத் துணை. நாற்பதைத் தாண்டினால் காப்பிதான் அதற்குத் துணை. காப்பி–சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது நம் உணவுச் சட்டம். அளவைப் பாக்கெட்டில் அச்சிட்டாக வேண்டும். ‘சுத்தமான பிபி’ என்று முன்பக்கம் கொட்டை எழுத்தில் போட்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் ‘சிக்கரி 47%’ என்றிருந்தால், அந்த பிபியால் என்ன பிரயோஜனம்?

அடுத்தது பழசாவது. பச்சைக் கொட்டை மாதக்கணக்கில் தாங்கும். வறுத்த கொட்டை சில வாரம். அரைத்துவிட்டால் காற்றுப் படும் பரப்பு பெருகி, மணம் நாளுக்கு நாள் இறங்கும். அரைக் கிலோவாக வாங்கி ஒரு மாதம் வைத்துக்கொள்ளும் வீட்டில், மூன்றாவது வாரம் பிபியும் ஒன்றுதான், சியும் ஒன்றுதான். வாரத்துக்கு நூறு கிராம் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ஈரக்கரண்டி படாமல் பார்த்துக்கொள்வது, கிலோவுக்கு இருநூறு ரூபாய் கூடக் கொடுப்பதைவிடப் பலன் தரும்.

ஆகவே அடுத்த முறை கடைக்குப் போகும்போது நாலு விஷயத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்: எந்தச் செடி, எப்படிக் காயவைத்தது, சிக்கரி எவ்வளவு, என்றைக்கு வறுத்தது. கெட்டிப்பால் வீடு என்றால் பிளான்டேஷன் ஏ முக்கால் பங்கு, ரொபஸ்டா பார்ச்மென்ட் கால் பங்கு. அதில் நூற்றுக்குப் பத்து சிக்கரி என்று ஆரம்பிக்கலாம். பால் குறைத்துக் குடிப்பவருக்கு பிளான்டேஷன் மட்டுமே போதும், சிக்கரியே வேண்டாம். இரண்டு வாரம் குடித்துவிட்டுக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள். பிபியா, ஏயா என்பதைக் கடைசியாக முடிவு செய்தால் போதும். கையில் காசு குறைந்தால் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியதும் அதைத்தான்.

இத்தனை பார்த்து வாங்கிய தூளை ஃபில்டரில் போட்டு, காம்புத் தட்டை வைத்து ஓங்கி அழுத்தினால் காலை எட்டு மணிவரை ஒரு சொட்டு இறங்காது. எவ்வளவு அழுத்துவது, தண்ணீர் எந்தச் சூட்டில் இருக்க வேண்டும், இரண்டாம் டிகாக்ஷனில் என்னதான் மிச்சமிருக்கிறது? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)