ஓடும் ஃபர்னிச்சர்!

ஃபர்னிச்சர் என்பது ‘ஃபிக்ஸட் அஸெட்’ என்று பி.காமில் சொல்லிக் கொடுத்தார்கள். அதை நம்பி எழுதி மார்க்கும் வாங்கினேன். அது எவ்வளவு பெரிய பொய் என்பது, அப்பாவின் ஹெர்னியா ஆபரேஷனுக்காக நர்ஸிங் ஹோம் அறையில் மூன்று ராத்திரி தங்கியபோதுதான் தெரிந்தது.

அங்கே எதுவுமே ஃபிக்ஸட் இல்லை ஸார்! கட்டிலுக்குச் சக்கரம், சலைன் ஸ்டாண்டுக்குச் சக்கரம், சாப்பாட்டு மேஜைக்குச் சக்கரம். சக்கரம் இல்லாத ஒரே ஜீவன், ஓரத்து பெஞ்சில் குறட்டை விட்ட நான்தான்.

இரண்டாம் நாள் விடியற்காலை. ‘தூங்குகிற பிள்ளையை எதுக்கு எழுப்பணும்?’ என்று அப்பா தானாகவே பாத்ரூமுக்கு எழுந்திருக்கிறார். பிடிமானத்துக்குக் கை வைத்தது சாப்பாட்டு மேஜை மேல். அது சொல்லாமல் கொள்ளாமல் நகர, கூடவே அப்பாவும்...

“டேய்!”

எப்படிப் பாய்ந்தேன், எப்படித் தாங்கினேன் என்று இன்றுவரை தெரியாது. நல்லவேளை, தையல் பிரியவில்லை.

ஓடி வந்த நர்ஸம்மா முதலில் அப்பாவைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

“பெருக்குறதுக்குக் கட்டிலை நகர்த்துவாங்க. திரும்ப சக்கரத்துல லாக் போட்டிருக்கான்னு நீங்களும் பாருங்க. கட்டிலை நல்லாத் தாழ இறக்கி வைங்க. மேஜையைப் பிடிச்சு எழுந்திருக்க விடாதீங்க. பெல் ஸ்விட்ச் அவர் கைக்கு எட்டணும்.”

பேசிக்கொண்டே மூலையைப் பார்த்தவர் அதிர்ந்து போனார். ஆக்ஸிஜன் சிலிண்டரின் தலையில் என் துண்டு காய்ந்து கொண்டிருந்தது. அதுவும் தேங்காய் எண்ணெய் மணக்க!

“உள்ளே காத்தை 150 மடங்கு அழுத்தத்துல அடைச்சிருக்கு ஸார். சாய்ஞ்சு விழுந்து வால்வு உடைஞ்சா ராக்கெட் மாதிரி பாயும். எண்ணெய்ப் பிசுக்கு பட்டாத் தீப்பிடிக்கும். அதுக்குத்தானே சங்கிலி போட்டுச் சுவரோட கட்டியிருக்கு? அது துணி காயப்போடற கொடி இல்லை!”

மானிட்டர் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு செல்போனுக்குச் சார்ஜ் போடலாமா என்று கேட்க நினைத்திருந்தேன். கேட்கவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று வாசலில் வீல்சேர். அப்பா எழுந்திருக்க முயன்றார். “இருங்கப்பா” என்று சொல்லி, குனிந்து இரண்டு பக்க பிரேக்கையும் போட்டுவிட்டு, கால்பலகைகளையும் மடக்கினேன்.

அப்பா சிரித்தார். “இப்பத்தாண்டா நீ பி.காம். பாஸ் பண்ணியிருக்கே!”