'கேஸ் ட்ரபிள்தான்' என்று படுத்துவிடாதீர்கள்!

நெஞ்சு அடைத்தால் 'கேஸ் ட்ரபிள்'. மாரடைப்பு வந்து பிழைத்தால் 'மைல்டு அட்டாக்'. வாய் கோணி, சற்று நேரத்தில் சரியானால் 'மினி ஸ்ட்ரோக்'. சர்க்கரை ஏறத் தொடங்கினால் 'பார்டர்தான்'. மாரடைப்பு, பக்கவாதம் என்று சொன்னால் வீடே பதறி எழும். அதையே ஆங்கிலத்தில் சொன்னால், 'காலையில் பார்த்துக்கலாம்' என்று எல்லோரும் படுத்துவிடுகிறோம். பிள்ளைகள் பயப்படக் கூடாது, செலவு வைக்கக் கூடாது என்ற பரிவில்தான் பெரியவர்கள் இப்படிச் சொல்கிறார்கள். அந்தப் பரிவுக்கு உயிரை விலையாகக் கொடுக்க வேண்டாம்.

இதயத்துக்கு ரத்தம் குறையும்போது வலி மேல்வயிற்றிலும் தெரியலாம். ஏப்பம், குமட்டல், எரிச்சல்கூட வரலாம். சர்க்கரை நோயாளிகள், பெண்கள், முதியவர்கள் சிலருக்கு நெஞ்சுவலியே இருக்காது. மூச்சுத்திணறலும் வியர்வையும் அசதியும் மட்டும் இருக்கும். இது வாயுவா, மாரடைப்பா என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. இசிஜியும் ரத்தப் பரிசோதனையும்தான் சொல்லும். தமிழ்நாடு அரசு 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கின்றன. ஊருக்குள்ளேயே மருந்து இருக்கும்போது, சோடா குடித்துவிட்டு விடியலுக்குக் காத்திருப்பது எவ்வளவு பெரிய இழப்பு!

'மைல்டு அட்டாக்' என்று டாக்டர் சொன்னால், இதயத் தசையில் சேதம் குறைவு என்று பொருள். ரத்தக் குழாயில் கோளாறு அப்படியேதான் இருக்கிறது. 'மைல்டுதானே' என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் அடுத்த மாரடைப்புக்கு வழி விடுகிறார்கள்.

'மினி ஸ்ட்ரோக்' இன்னும் ஏமாற்றும். பேச்சுக் குழறல், கை மரத்துப்போதல் எல்லாம் தானாகவே மறைந்துவிடும். ஆனால், முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து அடுத்த இரண்டு நாட்களில்தான் மிக அதிகம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால், அதுதான் 'பார்டர்'. இந்தியாவில் 13.6 கோடிப் பேர் இந்த நிலையில் இருப்பதாக 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு மதிப்பிட்டது. இது பழைய நிலைக்குத் திரும்பி வரக்கூடிய கட்டம். உணவையும் நடைப்பயிற்சியையும் ஒழுங்குபடுத்தினாலே சர்க்கரை நோயாக மாறும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைகிறது என்று சென்னை மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான ஆய்வு 2006-லேயே காட்டிவிட்டது.

இனி மருத்துவர் 'மைல்டு', 'பார்டர்' என்று சொன்னால் நிம்மதியாகி எழுந்து வந்துவிடாதீர்கள். அளவு எவ்வளவு, மறுபடி எப்போது பார்க்க வேண்டும், என்ன அறிகுறி தெரிந்தால் உடனே ஓடி வர வேண்டும் என்று மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நெஞ்சு அடைத்தாலோ, வாய் கோணினாலோ எந்தப் பெயரும் வைக்காமல் முதலில் 108-ஐ அழையுங்கள்.